அப்பப்பா ஃபோனைத் திருப்பிப் பிடிச்சார்: மாயன் மேப்பும் எங்கட வட்டைப் பேரும், ஒரு கேள்வி

படுவான்கரைப்பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம், கேள்வி கொஞ்சம் நீட்டு, பொறுமையா வாசிச்சுப் போட்டு சொல்லுங்க. நான் புவியியல் கடைசி வருசம். ஆய்வுக்கு மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைக்கு அங்கால எங்கட பக்கம் தூந்து போன சின்னக் குளங்களையும் வட்டைப் (வயல்வெளிப்) பேருகளையும் மேப் பண்றதென்டு எடுத்திருக்கன். சரி முதல்ல அப்பப்பாட்ட கேப்பமென்டு ஃபோன்ல கூகுள் மேப்பத் திறந்து கையில குடுத்தன். மனுசன் கண்ணாடியப் போட்டு ஒரு நிமிசம் பாத்தார், மறுகா ஃபோனை அப்படியே பக்கவாட்டில திருப்பினார், ஓட்டோ ரொட்டேட் போட்டிருந்ததால படமும் கூடவே திரும்பிட்டு, திருப்பியும் வடக்குத்தான் மேல. அவர் மற்றப் பக்கம் திருப்ப அது இந்தப் பக்கம் திரும்ப, மூண்டு தரம் ஃபோனோட மல்லுக்கட்டிப் போட்டு "இது என்ன மனே சொல்வழி கேக்குதில்ல" என்டார். நான் ரொட்டேட்டை நிப்பாட்டிக் குடுத்த பிறகுதான், வாவி தனக்கு முன்னுக்கு வாற மாதிரிப் பிடிச்சு வைச்சு, "இப்ப சரி, எழுவான் அந்தா, நாம இருக்கிற படுவான் இஞ்ச" என்டு பேசத் தொடங்கினார்.

பேசினா சும்மா இல்ல. மேப்பில வெறும் பச்சையாக் கிடக்கிற இடத்தில ஒரு குளம் இருந்ததென்டார், போய்ப் பாத்தா முழங்கால் உசரத்தில கட்டு இருக்கு, நடுவில உடைஞ்சு மாடு ஏறி இறங்கிற பாதையாப் போயிருக்கு. பழைய ஊர் இருந்த இடமென்டு ஒரு புளியமரத்தச் சொன்னார், அடியில ஓட்டுத்துண்டு சிதறிக் கிடக்கு. மூண்டாவதா ஒரு இடம் இருக்கென்டார், அதுக்குள்ள போக முதல் ஒரு கொப்பு ஒடிச்சு மரத்தில தொங்க விட்டுத்தான் போகணுமாம், அதை மட்டும் காட்ட மாட்டனென்டுட்டார்.

இதெல்லாம் எழுதிக்கொண்டு போனா எனக்குப் பாக்கிற சேர், "கிழவன்மார் கதையெல்லாம் பின்னிணைப்பில போடும், மேப்புக்கு சாட்டிலைட் படம் காணும்" என்டார். மனசு விட்டுட்டு. அந்த நேரத்திலதான் மெக்சிக்கோ, குவாத்தமாலாப் பக்கம் இருக்கிற பழைய மாயன் நகரங்களை லைடாரால கண்டுபிடிக்கிற கட்டுரைகள் ரெண்டு மூண்டு வாசிச்சன். அங்க காட்டுக்குள்ள இப்பவும் மாயன் ஆக்கள்தானே இருக்காங்க, அவங்க சொல்றத தொல்லியல்காரர் ஆதாரமா எடுக்கிறாங்களா, இல்ல வழிகாட்டவும் சாமான் தூக்கவும் மட்டுமா? சேருக்குக் காட்ட ஏதாவது இருந்தா சொல்லுங்க.

தேத்தண்ணிக்கடை:

நல்ல கேள்வி. நானும் பாத்துக்கொண்டிருக்கன். ஓட்டோ ரொட்டேட் கதைக்கு சிரிச்சு வயிறு நோகுது.

செயின்மேன்மட்டு:

தம்பி, நான் 22 வருசம் நில அளவை ஆக்களோட சங்கிலி இழுத்தவன், இப்ப ஓய்வு. உங்கட சேர் சொல்றது முழுப் பிழை இல்ல, ஆனா சாட்டிலைட் காணுமென்டது பிழை.

முதல்ல லைடார் என்டா என்னென்டு விளங்கிக்கொள்ளுங்க, பேப்பர்க்காரன் அத மந்திரம் மாதிரி எழுதுறான். பிளேன்ல இருந்து லேசர் அடிக்கிறது, நிறைய இலையில பட்டுத் திரும்பும், கொஞ்சம் மட்டும் இலை இடுக்கால இறங்கி நிலத்தில பட்டுத் திரும்பும், திரும்பி வர எடுத்த நேரத்த வைச்சு உசரம் கணிக்கிறது. மறுகா கம்ப்யூட்டர்ல மரத்தையெல்லாம் உரிச்சு எடுத்தா மொட்டை நிலம் தெரியும். குவாத்தமாலாவில பெத்தேன் பக்கம் 2016ல பறந்தது 2,144 சதுர கிலோமீட்டர், 61,480 கட்டிட அடையாளம் எண்ணினாங்க, 2018ல வெளியில வந்திச்சு. இதோட ஒப்பிட 1961ல வந்த, திக்கால் என்ட மாயன் நகரத்தின்ர மேப்பப் பாருங்க, ஆக்கள் காட்ட வெட்டி நடந்து அளந்தது, பல சீசன் பாடுபட்டும் 16 சதுர கிலோமீட்டர்தான். நானும் காட்டுக்குள்ள லைன் வெட்டினவன், அந்த 16க்கு எவ்வளவு வேர்வை போயிருக்குமென்டு எனக்குத் தெரியும்.

ஆனா லைடார் மேடு பள்ளம் மட்டும்தான் சொல்லும். அது எந்தக் காலத்து மேடு, ஆக்கள் இருந்ததா, கோயிலா, வெறும் கறையான் புத்தா என்டு சொல்லாது. சமதரையில கம்பும் ஓலையுமாக் கட்டின வீடு உக்கிப் போனா அதில விழவே விழாது. அதுக்காகத்தான் திருப்பி நடந்து போய்ப் பாக்கிறது, அப்ப முன்னுக்குக் கத்தியோட போறது யார்? ஊர்க்காரன். இது இண்டைக்கு வந்த பழக்கமும் இல்ல, 100 வருசத்துக்கு முதலே சூயிங்கம் செய்யிற மரப்பால் எடுக்க காட்டுக்குப் போன சிக்லேரோ ஆக்கள் சொல்லித்தான் எத்தனையோ இடிபாடு வெளியில தெரிய வந்திச்சு. சில்வானஸ் மோர்லி என்ட அமெரிக்கன் எழுத்துக் கல்லிருக்கிற இடம் சொன்னா காசு தாறனென்டே சொல்லி வைச்சிருந்தவர். மேப்பில பேர் வந்தது மோர்லிக்கு.

2024ல வந்த வலேரியானா என்ட மாயன் நகரத்தின்ர கதையும் அதுதான். மெக்சிக்கோ கம்பேச்சே மாநிலம், காட்டுக் கார்பன் கணக்குப் பாக்க 2013ல எடுத்த லைடார் டேட்டா இன்டர்நெட்டில சும்மா கிடந்திருக்கு, ஒரு பிஎச்டி பொடியன் தேடிக்கொண்டு போகக்குள்ள அம்பிட்டிச்சு, அந்த டேட்டா முழுக்கச் சேத்து 6,764 கட்டிடம். உலகமெல்லாம் "தொலைஞ்ச நகரம்" என்டு தலைப்பு. பாத்தா பெரிய ரோட்டில இருந்து 15 நிமிச நடை, அந்தக் கட்டிடங்களுக்கு நடுவிலயே சனம் பயிர் செய்யுது. யாருக்குத் தொலைஞ்சது?

உங்களுக்கு ஒரு வேலை சொல்றன். நில அளவைத் திணைக்களத்தின்ர பழைய ஒரு அங்குல ஷீட் (ஒரு மைலுக்கு ஒரு அங்குல மேப்) எடுங்க. ட்ரோன் கிடைச்சா அறுவடை முடிஞ்ச கையோட விடிய வெயில் சரிஞ்சு விழுற நேரம் பறக்க விடுங்க, முழங்கால் உசரக் கட்டும் நிழல் போட்டுக் காட்டும், உச்சி வெயில்ல ஒண்டும் தெரியாது. அதுக்கு மேல அப்பப்பா சொன்னதப் போடுங்க. மூண்டும் ஒரு இடத்தில சேந்தா சேர் என்ன சொல்லுவார் பாப்பம்.

மண்டூர்_ரீச்சர்:

நான் சரித்திரம் படிப்பிக்கிறவ, மாயன் விசயத்தில கொஞ்சம் பைத்தியம், அதால நீட்டி எழுதினா கோவிக்க வேண்டாம்.

தம்பி எழுதினதில எனக்குப் பெரிசாப் பட்டது குளமில்ல, உங்கட அப்பப்பா மேப்பத் திருப்பினதுதான். யுகாத்தான் மாயன் பாசையில கிழக்கு லகின், மேற்கு சிகின். ரெண்டுக்கும் வால்ல இருக்கிற கின் என்டது சூரியன், நாள் என்டும் அர்த்தம். இப்ப எழுவான்கரை, படுவான்கரை என்டு சொல்லிப் பாருங்க! சூரியன் எழும்புற கரை, சூரியன் படுற கரை. காந்த ஊசி காட்டுற வடக்கு அவங்கட யோசனையில தலை இல்ல, எங்கட கிழவன்மாருக்கும் இல்ல, வெயிலோட பாதைதான் முதல். அவங்களுக்கு திசைக்கு நிறமும் இருக்கு, கிழக்கு சிவப்பு, வடக்கு வெள்ளை, மேற்கு கறுப்பு, தெற்கு மஞ்சள், நடு பச்சை.

இது வெறும் நம்பிக்கைக் கதையென்டு சேர் சொன்னா 1557ம் ஆண்டு மானி மேப்பக் காட்டுங்க. ஸ்பானியர் பிடிச்ச பிறகு மானி என்ட ஊர்ல சியூ வம்சத்தாரும் அயல் ஊர்த் தலைவர்மாரும் கூடி எல்லை முடிவு பண்ணிக் கீறினது. வட்டமான மேப், மேல இருக்கிறது கிழக்கு, நடுவில மானி, சுத்திவர ஊர்கள், விளிம்பில எல்லைக்குச் சிலுவை. அதோட எழுத்தும் இருக்கு, எல்லை எந்த இடத்தால எந்த இடத்துக்குப் போகுதென்டு நடந்து போற ஒழுங்கில. அதாவது மேப் என்டது பறவை மேல இருந்து பாக்கிறதில்ல, எல்லைய நடந்தவன் சொல்றது. அதே மானியிலதான் 5 வருசம் கழிச்சு 1562ல டியேகோ த லாந்தா என்ட பாதிரியார் மாயன் ஏடுகளக் குவிச்சு எரிச்சவர். நிலக் கணக்கு தப்பிட்டு, மற்றது சாம்பல். இத வகுப்பில சொல்லக்குள்ள ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் அமைதியாகிடுங்கள்.

இன்னொண்டு. குவாத்தமாலா கீச்சே மாயன் மக்கள்ர போபோல் வூ என்ட படைப்புக் கதை தொடங்கிறதே வானத்தையும் பூமியையும் நாலு மூலைக்குக் கயிறு பிடிச்சு அளக்கிறதோடதான். சோளன் தோட்டத்துக்கு நாலு மூலை பாத்துக் கயிறு போடுற மாதிரி உலகத்துக்கே போட்டிருக்காங்க. இண்டைக்கும் யுகாத்தான்ல தோட்டம் அளக்கிற கணக்கு மெக்காத்தே, அதுக்கு அர்த்தமே கயிறுதான், 20 மீட்டருக்கு 20 மீட்டர், 400 சதுர மீட்டர். செயின்மேன் ஐயாவுக்கு சந்தோசமா இருக்கும்!

சேருக்கு ஒரு வரியில சொல்றதென்டா: திசையும் அளவும் பேரும் சேந்ததுதான் அவங்கட நிலம் பற்றின அறிவு, அதுவும் ஒரு மேப். உங்கட ஆய்வில வடக்கு மேல வாற மேப்போட, கிழக்கு மேல வாற ஒண்டும் போடுங்க, அப்பப்பா பிடிச்ச மாதிரி.

செயின்மேன்மட்டு:

ரீச்சர், கயிறு விசயம் சந்தோசம்தான். நாங்களும் சங்கிலி வர முதல் கயிறுதானே.

சம்மாந்துறை_வெள்ளாமைக்காரன்:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் படிச்ச ஆளில்ல, வயல் செய்யிறவன், வாசிச்சுக்கொண்டு வந்தன் சும்மா இரிக்க ஏலாமப் போச்சு.

ரீச்சர் கயிறென்டாவ. எங்கட மூத்தாப்பா ஏக்கர் என்டே சொல்ல மாட்டார், இத்தனை அவண விதைப்பு, இத்தனை மரைக்கால் விதைப்பு என்டுதான். விதைநெல்லால நிலம் அளக்கிறது. இப்ப இதில என்ன விசயமென்டா, நல்ல மண்ணுக்கு ஒரு கணக்கு, கூடாத மண்ணுக்கு ஒரு கணக்கு, ஒரே மரைக்கால் விதை ரெண்டு இடத்தில ரெண்டு விரிவு நிலத்துக்குப் போகும். ஜிபிஎஸ் அளக்கிறது நீட்டு அகலத்த, மரைக்கால் மண்ணையும் சேத்தெல்லா அளக்கிது. இதெல்லாம் தம்பிட டேபிள்ல எந்தக் கொலம்ல போடுவார்?

வட்டைப் பேரும் அப்படித்தான். பேரக் கேட்டாலே அவடத்த தண்ணி முதல்ல ஏறுமா கடைசியா ஏறுமா, முன்மாரி செய்யலாமா என்டு வட்டைவிதானை (வயல் தண்ணிக்குப் பொறுப்பான ஆள்) சொல்லிடுவார். கல்லோயாத் திட்டம் வந்து வாய்க்கால் மாறினதோட எத்தனையோ சின்னக் குளம் வயலாப் போச்சென்டு மூத்தாப்பா சொல்லுவார், பேர் மட்டும் மிச்சம். குளமில்லாத இடத்துக்கு குளம் என்டு பேரிரிந்தா அதத் தோண்டிப் பாக்கத்தானே வேணும்.

ஆனா தம்பி, கிழவன்மார் சொன்னா எல்லாம் சரியென்டும் எடுக்காதீங்க. எங்கட மூத்தாப்பாவும் பக்கத்து வயல்க்காரர்ர வாப்பாவும் ஒரே வயல் கண்டத்துக்கு ஆளுக்கொரு பேர் சொல்லி ரெண்டு பேரும் மௌத்தாகும் வரைக்கும் சண்டை. ஏனென்டா பேர்ல வாய்க்கால் உரிமை இரிந்திச்சு. பேர் கேக்கக்குள்ள அந்தப் பேரால யாருக்கு என்ன லாபமென்டும் சேத்துக் கேளுங்க.

மாயன் ஆக்கள்ர சேனை எப்பிடி? அவங்களும் எங்கள மாதிரி வெட்டி எரிச்சு செய்யிறவங்களா?

மண்டூர்_ரீச்சர்:

வஅலைக்கும் ஸலாம் காக்கா. அருமையான கேள்வி, இதுதான் நடுப் புள்ளி.

அவங்கட சேனைக்குப் பேர் மில்பா. சோளன், அவரை, பூசணி மூண்டும் சேத்து, சோளனில அவரை படரும், பூசணி நிலத்த மூடும். (நாம சேனையில போடுற சோளனே மெக்சிக்கோப் பக்கம் இருந்து வந்ததுதான்.) கொஞ்ச வருசம் செய்வாங்க, மறுகா விட்டிடுவாங்க, ஆனா சும்மா விடுறதில்ல. எந்த மரத்த வெட்டாம நிப்பாட்டுறது, எதை நடுறதென்டு பாத்துப் பாத்து விடுவாங்க, அது பழமரமும் மருந்துமரமுமா வளந்து 20 வருசமளவில காடாகி மறுகா சேனையாகும். வெளி ஆள் மேப்பில அத "பத்தைக்காடு", "கைவிட்ட நிலம்" என்டு எழுதினான். செய்தவனுக்கு அது தோட்டத்தின்ர ஒரு பருவம். பெலீஸ், குவாத்தமாலா எல்லையில எல் பிலார் என்ட இடத்தில அனபெல் ஃபோர்ட் 1983ல இருந்து வேலை செய்றா, ஊர்த் தோட்டக்காரரக் கூட வைச்சுக்கொண்டு காட்டையே ஆதாரமா வாசிக்கிறா. கட்டிடங்களையும் மொட்டையா வெட்டித் திறக்காம மரத்துக்குக் கீழயே விட்டு வைக்கிறாங்க.

இது தெரியாட்டி என்ன நடக்குமென்டதுக்கு 2016ல ஒரு பகிடி. கனடாவில ஒரு 15 வயசுப் பொடியன் நட்சத்திரக் கூட்டத்த மேப்பில பொருத்திப் பாத்து மாயன் நகரம் கண்டுபிடிச்சானென்டு உலகம் பூரா செய்தி, சாட்டிலைட் படத்தில சதுரமா ஒண்டு தெரிஞ்சது. மாயன் எழுத்து வாசிக்கிற ஒரு பேராசிரியர் பாத்துப் போட்டு அது பழைய சோளன் சேனை விட்ட இடமென்டார். சேனை செய்யிற யாரட்டயும் காட்டியிருந்தா அரை நிமிசத்தில முடிஞ்சிருக்கும். பொடியன்ல பிழையில்ல, செய்தி போட்டவனில பிழை.

படுவான்கரைப்பொடியன்:

ரீச்சர், ஐயா, காக்கா எல்லாருக்கும் நன்றி, கை நடுங்குது எனக்கு. மானி மேப்ப சேருக்குக் காட்டப் போறன். ஒண்டு கேக்க மறந்திட்டன், அந்தப் புளியமரத்த ஆதாரமாப் போடலாமா?

செயின்மேன்மட்டு:

போடலாம், ஆனா கவனம். மாயன் இடிபாட்டுக்கு மேல ரமோன் என்டு ஒரு மரம் அடர்த்தியா நிக்கும். 1960கள்ல ஒருத்தர் அத மாயன் ஆக்கள் சாப்பாட்டுக்கு நட்ட மரத்தின்ர வழி என்டார். 1982ல வேற ரெண்டு பேர் இல்ல, சுண்ணாம்புக்கல் இடிஞ்ச மேட்டில அது தானா நல்லா வளரும், மனுசன் நடத் தேவையில்லை என்டாங்க. சண்டை லேசில முடியல்ல. புளியும் அப்படித்தான், மாடு தின்ட கொட்டை எங்கயும் விழும். மரத்த மட்டும் எழுதாதீங்க, மரத்தடியில ஓடு கிடக்கு, அப்பப்பா சொன்னார், இன்னொரு ஆளும் தனியாச் சொன்னார், மூண்டையும் வேற வேற கொலம்ல போடுங்க. யார் சொன்னது, எங்க நிண்டு சொன்னது, எந்த மாசம் நடந்தது, மற்ற ஆள் ஒத்துக்கொண்டாரா இல்லையா எல்லாம் எழுதுங்க. அப்ப அது கதையில்ல, களக்குறிப்பு. நாங்க ஃபீல்ட் புக் எழுதினது அப்படித்தான்.

வாகரைக்காத்து:

எல்லாரும் போடு போடு என்டுறீங்க, நான் போடாதே என்டு சொல்ல வந்தன்.

எங்கட பக்கம் காட்டுக்குள்ள ஒரு பழைய கல்லிடம் இருக்கு. யாரோ ஒருத்தன் ஃபேஸ்புக்கில படத்தோட லொக்கேசனும் போட்டான். ரெண்டு கிழமைக்குள்ள இரவோட இரவா வந்து கிடங்கு வெட்டியிருந்தாங்க, புதையல் தேடி, ஆள் நிக்கிற ஆழத்துக்கு. பக்கத்தில தேசிக்காய், சேவலிறகு, உடைஞ்ச கல்லு. வருசத்துக்கு ஒருக்காப் போய் பொங்கி வைக்கிற ஆக்கள் அந்த வருசம் போகல்ல, இடம் தீட்டுப்பட்டுட்டெண்டாங்க. மாயன் பக்கமும் இதே கூத்துத்தான், லைடார்ல நகரத்தோட சேத்து கள்ளன் வெட்டின கிடங்கும் தெரியுதாம்.

பொனம்பாக் என்டு மெக்சிக்கோவில சுவரோவியம் இருக்கிற இடம், லக்கந்தோன் மாயன் ஆக்கள் சாம்பிராணி போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்த இடம், 1946ல வெளி ஆள் ஒருத்தருக்குக் காட்டினாங்க, அதோட அது "கண்டுபிடிப்பு" ஆச்சு, பேர் அவருக்கு. காட்டினவனுக்கு என்ன கிடைச்சது?

நல்ல உதாரணமும் இருக்கு, தெற்கு பெலீஸ் தொலேதோ மாவட்டத்தில மோப்பான், கெக்சி மாயன் ஊர்கள் மரக்கம்பனிக்காரன் காட்ட எடுக்கப் பாக்க தாங்களே நடந்து தங்கட வேட்டைக்காடு, தோட்டம், ஆறு, பழைய இடமெல்லாம் மேப்பாக் கீறி 1997ல புத்தகமாப் போட்டாங்க, பல்கலைக்கழக ஆக்கள் உதவி மட்டும். 2007ல ரெண்டு ஊர் கோட்டில வெண்டது, 2015ல கரீபியன் நீதிமன்றம் வரைக்கும் போய் 38 ஊருக்கு வழமைக் காணி உரிமை உறுதியாச்சு. அங்க மேப்பில எதைப் போடுறது எதை விடுறதெண்டு முடிவு எடுத்தது ஊர். அதால உங்கட அப்பப்பா மூண்டாவது இடத்தக் காட்ட மாட்டனென்டது அறியாமையில்ல, அவர் மேப் போடத் தெரிஞ்சவர். அத அப்படியே எழுதுங்க, "ஒரு இடம் காட்டப்படவில்லை" என்டு. புள்ளி வேணாம்.

சம்மாந்துறை_வெள்ளாமைக்காரன்:

வாகரைத் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு.

படுவான்கரைப்பொடியன்:

சேரட்ட போய்ட்டு வந்தன். மானி மேப்பப் பிரிண்ட் எடுத்துக் காட்டினன், கொஞ்ச நேரம் பாத்தார், "சரி, வாய்மொழியத் தனி லேயரா க்யூஜிஐஎஸ்ல (மேப் போடுற மென்பொருள்) போடும், ஆனா யார் சொன்னதென்டு ஒவ்வொரு புள்ளிக்கும் இருக்கணும்" என்டார். பின்னிணைப்பில இருந்து உள்ளுக்க வந்தாச்சு! கிழக்கு மேல வாற மேப்புக்கு மட்டும் முகத்தச் சுழிச்சார், இன்னும் சண்டை பிடிக்கணும்.

இரவு அப்பப்பாட்ட வாகரை ஆள் எழுதினத வாசிச்சுக் காட்டினன். தலையாட்டிப் போட்டு ஒண்டும் சொல்லல்ல. சாப்பிட்டு எழும்பக்குள்ளதான் "அந்தக் குளத்துக்கும் பேர் போடாத மனே" என்டார். ஏன் அப்பப்பா, அது என்ன சாமி இடமா என்டன். "சாமியுமில்ல ஒண்டுமில்ல, குளத்துக்குள்ள இப்ப வேளாமை செய்யிறது உங்கட பெரியப்பா" என்டார்.

செயின்மேன்மட்டு:

ஹாஹா. தம்பி, அதுக்கு ஒரு கொலம் போடுங்க.